பெரியப்பா நடந்து காட்டிய எல்லை: கையடக்க ஜி.பி.எஸ் கருவியிலிருந்து கோப்புகளைக் காப்பாற்றுவது எப்படி?

இரவு பத்து மணி இருக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன் தனது கையடக்க ஜி.பி.எஸ் கருவியை என்னுடைய மடிக்கணினியில் இணைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கருவியில் வெளிச்சம் வந்தது. கணினியில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை அவனுக்கு விமானம்.

"மாமா, ரீசெட் பண்ணிப் பார்க்கவா?" என்று கேட்டான். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். அந்தக் கருவிக்குள் எங்கள் காணியின் 23 புள்ளிகள் இருந்தன. வேறு எங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை.

அவன் அதைக் கொண்டுவந்தது விளையாடுவதற்கு. 'ஜியோகேஷிங்' என்பது அந்த விளையாட்டின் பெயர். ஒருவர் சிறு பெட்டியொன்றை மறைத்துவைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு நெடுங்கோட்டை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கருவியோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா நிறுத்தியது. உடனேயே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே முதலாவது பெட்டியை வைத்தார்.

எங்கள் ஊரில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று அவன் வந்த அன்றே சொல்லிவிட்டேன். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மாவட்டத்தில், பற்றைக்குள் கைவிட்டுப் பெட்டி தேடுவது விளையாட்டல்ல. ஆனால் அந்தக் கருவிக்கு வேறொரு வேலை இருந்தது.

நந்திக்கடல் பக்கமாக இருந்த காணியை 2009இன் தொடக்கத்தில் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பிப் போனபோது வீடு இல்லை, வேலி இல்லை. கிணறும் இரண்டு பனைகளும் மட்டும் நின்றன. காணி உறுதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. எல்லை எதுவென்று தெரிந்தவர் எண்பதைத் தாண்டிய பெரியப்பா ஒருவர்தான். இரண்டு நாள் காலையில் பொல்லை ஊன்றியபடி நடந்து ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். "இதில நில்லு தம்பி. இதிலதான் கிழக்கு வேலி திரும்பும். ஒரு பூவரசு நிண்டது." அவன் நின்று பொத்தானை அழுத்தினான்.

கருவிக்கு இரண்டு சிறிய பற்றறிகள் போதும் என்றதும் பெரியப்பா சிரித்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அவருடையது.

அன்றிரவு நாங்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கக்கூடியவர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்

சாதாரண யூ.எஸ்.பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. அதனால்தான் கருவியில் வெளிச்சம் வந்தும் கணினிக்கு அது தெரியாமல் இருந்தது. கருவி பழுதில்லை, கணினியும் பழுதில்லை.

பல கையடக்கக் கருவிகளில் இருப்பது இன்றைய தொலைபேசிகளின் துளையல்ல, மினி யூ.எஸ்.பி எனப்படும் பழைய துளை. என் பழைய டிஜிட்டல் கமராவின் கேபிள் அதற்குப் பொருந்தியது. மாற்றிக் குத்தியதும் கணினியில் புதிதாக ஒரு ட்ரைவ் தோன்றியது.

கேபிள் மாற்றியும் சரிவராவிட்டால் கணினியின் வேறொரு துளையில் நேரடியாகக் குத்துங்கள். நடுவில் ஹப் வேண்டாம். கருவியின் துளையில் மண் அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கருவி எந்த முறையில் இருக்கிறது?

பரவலாகப் புழங்கும் கார்மின் கருவிகள் பலவற்றில், செட்டிங்ஸ் பகுதியின் சிஸ்டம் என்பதற்குள் இன்டர்பேஸ் என்ற தெரிவு இருக்கும். அது 'ஸ்பானர்' என்ற முறையில் இருந்தால், கணினியில் இணைத்ததும் சேமிப்பு முறைக்குப் போகவா என்று கருவி கேட்கும். ஆம் என்று கொடுத்தால்தான் கோப்புகள் தெரியும்.

புதிய கருவிகள் சில, தொலைபேசியைப் போல எம்.டி.பி என்ற முறையில் இணையும். விண்டோஸில் இவை தெரியும். மக் கணினியில் தனி மென்பொருள் வேண்டும். மிகப் பழைய கருவிகள் ட்ரைவாகத் தோன்றவே மாட்டா. அவற்றுக்குரிய ட்ரைவர் மென்பொருளை நிறுவி, ஜிபிஎஸ்பேபல் போன்ற இலவச மென்பொருளால் புள்ளிகளை எடுக்கலாம்.

எது சரிவராவிட்டாலும் ரீசெட் கொடுக்காதீர்கள். சேமித்த புள்ளிகள் அதில் அழியக்கூடும். பற்றறியைக் கழற்றுவதால் அவை அழியா.

ஒரு கோப்பை எடுத்ததும் முடிந்துவிடாது

ட்ரைவைத் திறந்து, கார்மின் என்ற கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புறைக்குப் போனோம். கடைசித் திகதியிட்ட கோப்பைத் திறந்தால் ஒன்பது புள்ளிகள்தான் இருந்தன. ஒரு கணம் வயிறு கலங்கியது.

காரணம் எளியது. இவ்வகைக் கருவிகள் ஒவ்வொரு நாளும் குறிக்கும் புள்ளிகளை அந்தந்தத் திகதியிட்ட தனிக் கோப்பில் எழுதும். முதல் நாளின் 14 புள்ளிகள் பக்கத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தன. ஆகவே ஒரு கோப்பை மட்டும் எடுக்காமல் ஜிபிஎக்ஸ் கோப்புறை முழுவதையும் பிரதி எடுங்கள். நடந்த பாதையின் பதிவு அதற்குள்ளேயே வேறு கோப்புறையில் இருக்கும். மெமரி கார்ட் போட்டிருந்தால் இரண்டு ட்ரைவ்கள் தெரியும். இரண்டையும் பாருங்கள்.

எடுத்து முடிந்ததும் கேபிளை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கணினியில் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டே கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் கோப்பு பழுதாகலாம்.

கணினியிலிருந்து கருவிக்கு அனுப்பும்போது

மருமகனின் விளையாட்டில் இதுதான் அடிக்கடி வரும் சிக்கலாம். ஜியோகேஷிங் தளத்திலிருந்து பல பெட்டிகளின் விபரங்களை ஒன்றாகப் பெற்றால் அவை ஸிப் கோப்பாக வரும். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைத்தான் கருவியின் ஜிபிஎக்ஸ் கோப்புறையில் போட வேண்டும். தரவிறக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் டி.எக்ஸ்.டி என்று ஒட்டிக்கொண்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் இந்தப் பின்னொட்டை மறைத்துவைப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. கேபிளைக் கழற்றிய பிறகே கருவி புதிய கோப்புகளை வாசிக்கும்.

கோப்பு வந்தும் இடம் மாறினால்

ஜிபிஎக்ஸ் கோப்பு பாகைகளைத் தசமத்தில் வைத்திருக்கும். கருவியின் திரையோ பெரும்பாலும் பாகை, கலை என்று காட்டும். திரையில் 9 பாகை 18.600 கலை என்று இருப்பது தசமத்தில் 9.310 பாகை. அதைப் பார்த்து 9.186 என்று எழுதினால் புள்ளி 13 கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே போய்விடும். ஆகவே கையால் எழுதுவதென்றால் எந்த முறை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கருவியில் 'டேட்டம்' என்ற அமைப்பு டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று இருக்க வேண்டும். இலங்கையின் பழைய வரைபடங்கள் கண்டவளை டேட்டத்தில் வரையப்பட்டவை. இரண்டையும் கலந்தால் புள்ளி நூறு மீற்றருக்கும் மேல் விலகும். ஒரு பரப்புக் காணிக்கு இது சிறிய தூரமல்ல.

இது எதற்கு உதவும், எதற்கு உதவாது

திறந்த வெளியில் இத்தகைய கருவியின் துல்லியம் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மீற்றர். மரங்களின் கீழே இன்னும் குறையும். இது நில அளவையாளரின் வரைபடத்துக்கு ஈடாகாது. அயலவரோடு எல்லைச் சண்டைக்குப் போவதற்கான ஆயுதமுமல்ல. மூத்தவர் ஒருவர் நேரில் நின்று காட்டிய இடம் இது என்று பின்னால் வருபவர்கள் திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க உதவும். அளவையாளர் வரும் நாளில் எங்கே தொடங்குவது என்று சொல்லவும் உதவும். காணியின் புள்ளிகளை முகநூலில் போடாதீர்கள். மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்படாத நிலத்துக்குள், எந்தப் புள்ளிக்காகவும் கால் வைக்காதீர்கள்.

மறுநாள் அவன் புறப்படுவதற்கு முன்னர் கோப்புகளை என் கணினியிலும் ஒரு பென்ட்ரைவிலும் மின்னஞ்சலிலும் போட்டோம். பிறகுதான் இன்னொரு குறை தெரிந்தது. கருவி தானாகக் கொடுத்த பெயர்கள் 001, 002 என்று வெறும் இலக்கங்கள். எது கிணறு, எது மூலை என்று எங்கள் இருவருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கணினியில் வரைபடத்தைத் திறந்து, பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினோம்.

இப்போது அவரால் முற்றத்தைத் தாண்டி நடக்க முடிவதில்லை. உங்கள் வீட்டிலும் எல்லை தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் நடக்கக்கூடிய காலத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முதல் நாள் ஒரு புள்ளியைக் குறித்து, அது கணினிக்கு வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.