பாதை பைலை முதல் நாள் இரவே திறந்து பாருங்கள்

குழுவாக நெடுந்தூர சைக்கிள் பயணம் செல்பவர்களுக்கு, அன்றன்றைய பாதையை ஏற்பாட்டாளர்கள் ஜிபிஎக்ஸ் பைலாக அனுப்புவது வழக்கம். இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்தால், பாதையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, பெரும்பாலும் உயரமும் வரிசையாக இருப்பதைக் காணலாம்.

இந்த உயரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி சுமார் 30 கி.மீ.தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தச் சாலையில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினால் பாதி மலையிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோ புரோகிராமில் பைல் மெனு சென்று, ஓப்பன் கிளிக் செய்து இந்த பைலைத் திறக்கவும். இடது பக்கப் பட்டியலில் பாதையின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, ‘ஷோ எலிவேஷன் புரொஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஏற்ற இறக்கம் வரைபடமாகக் கிடைக்கும். செங்குத்தான ஏற்றம் எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். அதற்கு முன்பே பாட்டிலை நிரப்பிவிடலாம்.

அடுத்து, இந்த பைலையும் அந்தப் பகுதியின் மேப்பையும், இண்டர்நெட் இல்லாமல் இயங்கும் மேப் அப்ளிகேஷன் ஒன்றில், உங்கள் மொபைல் போனில் பதிந்து கொள்ளவும். ஜிபிஎஸ் சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் அதற்கு இண்டர்நெட் தேவையில்லை; மேப்பை டவுன்லோட் செய்யத்தான் தேவை. டவர் கிடைக்காத காட்டுப் பாதையில் குழு முன்னே சென்றுவிட்டாலும், கடைசியில் வருபவர் வழி தவறாமல் வந்து சேரலாம்.