சாவேஜ் 110

சாவேஜ் 110 என்பது ஐக்கிய அமெரிக்காவின் சாவேஜ் ஆர்ம்ஸ் நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய வேட்டைத் துப்பாக்கி ஆகும். இதனை வடிவமைத்தவர் நிக்கலஸ் புரூவர். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் போல்ட் எனப்படும் தண்டைக் கையால் பின்னிழுத்து அடுத்த தோட்டாவை உட்செலுத்தும் வகையைச் சேர்ந்தது. குறைந்த விலையில் நல்ல துல்லியம் தருவதே இதன் புகழுக்குக் காரணம். தொடக்க விலையான 109.95 டாலரிலிருந்தே இதன் பெயர் வந்தது என்பர்.

வடிவமைப்பு

துப்பாக்கிக் குழலைப் பின்பகுதியான ரிசீவருடன் இணைப்பதில்தான் செலவு மிகுதி. தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையில் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அமைய வேண்டும். மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழியக்கூடும். குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில் குழலில் ஒரு தோள் கடைந்து, தேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே பொருத்திப் பார்ப்பார்.

புரூவரின் வடிவமைப்பில் தோள் இல்லை. மரைகள் கொண்ட குழலின்மீது ஒரு பெரிய நட்டு ஏறியிருக்கும். அளவு பார்க்கும் போலித் தோட்டாவை உள்ளே வைத்து, போல்ட்டை மூடி, குழல் அதில் தட்டும் வரை திருகிப் பின் நட்டை இறுக்கினால் இடைவெளி சரியாக அமைந்துவிடும். பல மணி நேரக் கைவேலை சில நிமிடங்களில் முடிகிறது. ரூகர் அமெரிக்கன், ரெமிங்டன் 783 முதலிய பிற்காலச் சிக்கனத் துப்பாக்கிகளும் இம்முறையையே பின்பற்றின.

இரண்டாவது உத்தி, போல்ட்டின் தலையைத் தனித்துண்டாக ஓர் ஊசியால் இணைத்தது. அத்தலை சற்றே அசையக்கூடியது. எனவே பூட்டும்போது அதன் இரு புடைப்புகளும் ரிசீவரில் சமமாக அழுந்துகின்றன. மற்ற துப்பாக்கிகளில் இதற்காகத் தேய்பசையிட்டுக் கையால் உரைப்பது வழக்கம்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பொருந்தும். வின்செஸ்டர் நிறுவனம் தன் புகழ்பெற்ற மாடல் 70 துப்பாக்கியின் உற்பத்திச் செலவைக் குறைக்க 1964-இல் அதனை மாற்றியமைத்து, வேட்டையாடுவோரின் வெறுப்பைப் பெற்றது. 110-க்கு அந்தச் சிக்கல் எழவில்லை. அது தொடக்கத்திலேயே மலிவாகச் செய்வதற்கென்று சிந்திக்கப்பட்டது.

பழைய 110-களின் பெருங்குறை விசை. வழக்குகளுக்கு அஞ்சிய அமெரிக்க உற்பத்தியாளர்கள் விசையைக் கடினமாகவே அமைத்து வந்தனர். கடின விசையை அழுத்தும்போது துப்பாக்கியே அசைந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் வந்த அக்யூடிரிகர் என்னும் விசையில் நடுவே ஒரு மெல்லிய தகடு உள்ளது. அத்தகட்டை அழுத்தாமல் துப்பாக்கி வெடிக்காது என்பதால் விசையை இலகுவாக வைக்க முடிந்தது.

உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

சுடும்போது குழல் அதிர்கிறது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக இருக்க வேண்டும். மலிவுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் கட்டை வளையக்கூடியது. முன்பகுதியைத் தாங்கியில் வைத்து அழுத்தினால் அது குழலைத் தொட்டு அதிர்வை மாற்றிவிடும். தோட்டா இல்லாததை உறுதி செய்தபின், குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்க்கலாம். சிக்கினால் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தாலே போதும். கட்டையின் திருகுகளும் தொலைநோக்கியின் திருகுகளும் தளர்ந்திருப்பது மிகப் பொதுவான குறை. குழல் கெட்டுவிட்டதென்று புதுக் குழல் வாங்கியபின் தளர்ந்த திருகைக் கண்டவர்களும் உண்டு.

தோட்டாவும் முக்கியம். குழலின் உட்புறச் சுரிப் பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்பதைப் பொறுத்தே குண்டு நிலைபெறும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள .223 ரெமிங்டன் குழல் 55 கிரெயின் குண்டை நன்றாகச் சுழற்றும். நீண்ட 75 கிரெயின் குண்டு அதில் தள்ளாடும். பொருந்தும் எடைகளிலும் ஒரு குழலுக்கு உகந்த தோட்டா மற்றொன்றுக்கு உகந்ததாக இருப்பதில்லை. மூன்று நான்கு வகைகளை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைவிடச் சிக்கனமான மேம்பாடு வேறில்லை.

துல்லியத்தை அளத்தல்

துல்லியம் கோணக் கலையில், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கில், கூறப்படுகிறது. 100 மீட்டர் தொலைவில் ஒரு கலை சுமார் 29 மில்லிமீட்டர் ஆகும்.

மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்த ஓர் இலக்குத் தாளைக் காட்டிப் பெருமை கொள்வது வழக்கம். இது பெரும்பாலும் தற்செயலே. ஒரே துப்பாக்கியில் மூன்று குண்டுகளின் பரவல் சராசரியாக 25 மில்லிமீட்டர் எனில், ஐந்து குண்டுகளுக்கு அது சுமார் 32 மில்லிமீட்டராகவும், பத்து குண்டுகளுக்குச் சுமார் 40 மில்லிமீட்டராகவும் விரியும். துப்பாக்கி மாறவில்லை, குண்டுகளின் எண்ணிக்கையே கூடியது. ஆகவே இரு தோட்டா வகைகளை ஒப்பிட, ஒவ்வொன்றிலும் பத்து குண்டுகளாவது சுட வேண்டும். மெல்லிய வேட்டைக் குழல் விரைவில் சூடேறும் என்பதால் இடையிடையே ஆறவிடுதல் அவசியம்.

வேட்டைக்காரருக்கு இக்கணக்கு வெறும் எண் அன்று. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமுடையது. அதற்கு வெளியே பட்ட குண்டு பெரும்பாலும் விலங்கை உடனே கொல்லாது. அது காயத்துடன் ஓடி நெடுநேரம் துன்புற்று இறக்க நேரிடும். இரு கலைத் துப்பாக்கியின் பரவல் 200 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டரே. எனவே அத்தொலைவில் மலிவுத் துப்பாக்கியின் துல்லியமே போதுமானது; மீதமுள்ள 8 சென்டிமீட்டருக்குள் காற்று, தொலைவுக் கணிப்பு, மூச்சிரைக்கச் சுடுபவரின் கை நடுக்கம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். மேசைமீது மணல்மூட்டையில் வைத்துச் சுட்ட அளவை மலைச்சரிவில் எதிர்பார்க்கலாகாது. முழந்தாளிட்டும் அமர்ந்தும் சுட்டுப் பழகி, எத்தொலைவு வரை எல்லாக் குண்டுகளும் 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுகின்றனவோ அதையே தம் எல்லையாகக் கொள்ள வேண்டும். பலருக்கு அது 150 மீட்டரைத் தாண்டுவதில்லை.