அட்டையில் அழும் பெண்



அமெரிக்காவில் முன்பு வெளிவந்த காதல் சித்திரக்கதைச் சஞ்சிகைகளின் அட்டைப் படங்கள் பலவற்றை அண்மையில் வரிசையாகப் பார்த்தேன். ஓவியர்கள் பலர், பதிப்பகங்கள் பல. ஆனால் மீண்டும் மீண்டும் வரும் பெண்கள் நான்கு பேர்தான்.

முதலாமவள் அழுபவள். கன்னத்தில் கண்ணீரோடு முன்னால் நிற்பாள். பின்னால் அவளது காதலன் வேறொருத்தியை அணைத்து நிற்பான். அந்த வேறொருத்தி இரண்டாமவள். மூன்றாமவள் மணப்பெண். நான்காமவள் வெள்ளைத் தொப்பி அணிந்த தாதி. அவளது பார்வையும் நோயாளியை விட்டு வைத்தியரின் மேலேயே இருக்கும்.

இச்சஞ்சிகைகள் பிறந்த காலத்தை நாம் கவனிக்க வேண்டும். ஜோ சைமன், ஜக் கிர்பி என்ற இருவர் ‘யங் ரொமான்ஸ்’ சஞ்சிகையை 1947 இல் தொடங்கினார்கள். அப்போது இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள். ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் விமானமும் கப்பலும் கட்டினார்கள். 1945 இல் யுத்தம் முடிந்ததும் அவர்களில் பெருந்தொகையினர் வேலை இழந்தார்கள். இரும்பை ஒட்டிய அந்தக் கைகளை நான் பார்த்த காதல் அட்டைகள் எதிலும் காணவில்லை.

கதைகள் பெரும்பாலும் ஒரு பெண் தன் வாயால் சொல்வதுபோல இருக்கும். எழுதியவர்களும் வரைந்தவர்களும் அநேகமாக ஆண்களே. 1954 இல் பதிப்பாளர்கள் தமக்கென ஒரு விதிக்கோவை வகுத்தார்கள். காதல் கதைகள் வீட்டின் பெருமையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும், மணவிலக்கை விரும்பத்தக்கதாகக் காட்டக்கூடாது என்றது அது. அடிக்கும் கணவனை விட்டு விலகியவளுக்கு நல்ல முடிவு எழுத அங்கே இடமில்லை.

மாற்று முயற்சிகளும் இருந்தன. 1950 இல் கறுப்பினப் பெண்களை நாயகிகளாக்கி ‘நீக்ரோ ரொமான்ஸ்’ வந்தது. மூன்று இதழ்களோடு நின்றது. 1972 இல் மூன்று தாதியரின் வாழ்வைச் சொல்லும் ‘நைட் நேர்ஸ்’ வந்தது. எழுதியவர் ஜீன் தோமஸ் என்ற பெண். அது நான்கு இதழ்களோடு நின்றது. அழுபவள் மட்டும் நிலைத்தாள். 1963 இல் ரோய் லிக்டென்ஸ்டைன் என்ற ஓவியர், ஒரு காதல் சித்திரக்கதையின் உட்பக்கத்திலிருந்து அப்படியொருத்தியை எடுத்துப் பெரிதாக வரைந்தார். கண்ணீரோடு நீரில் அமிழும் அவள் இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? 2009 இல் எங்கள் மண்ணில் யுத்தம் முடிந்த பிறகு எங்களையும் பலர் படம் பிடித்தார்கள். அறிக்கைகளிலும் நாட்காட்டிகளிலும் நாங்கள் அழுதுகொண்டே இருக்கிறோம். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அதே பெண் விடிய எழும்பிக் கோழிக்குத் தீன் போட்டாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள், தோட்டத்துக்கு நீர் இறைத்தாள், சங்கத்தில் வாங்கிய கடனைக் கட்டினாள். அந்தப் படங்கள் எங்கே?

ஆகவே சகோதரிகளே, கமராவோடு யாரும் வந்தால் முதலில் கேளுங்கள். இந்தப் படம் எங்கே வரும்? கீழே என்ன எழுதுவீர்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. விருப்பமென்றால், தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள்.