பனியில் ஓடும் இரயிலும் பார்த்தவர் கருத்தும்



படக்கதைப் புத்தகம் என்றாலே அது சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது 'ஸ்னோபியர்சர்' என்னும் திரைப்படம். கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ எடுத்து, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படத்தைப் பற்றியும், அதைப் பார்த்தவர்கள் இன்றுவரை இரு கட்சியாக நின்று வாதாடுவது ஏன் என்பதைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறேன்.

இதன் மூலம் பிரான்சு நாட்டுப் படக்கதை. ஜாக் லோப் எழுத, ழான் மார்க் ரோஷெட் படம் வரைய, 1982ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. சியோல் நகரில் ஒரு படக்கதைக் கடையில் இதைக் கண்ட போங், கடையில் நின்றபடியே படித்து முடித்தாராம்.

கதை இதுதான். உலகம் சூடேறிப்போகிறது. அதைத் தணிக்க 2014ஆம் ஆண்டில் வானத்தில் ஒரு மருந்தைத் தூவுகிறார்கள். சூடு தணிவதற்குப் பதிலாக உலகமே உறைந்துபோகிறது. பிழைத்தவர்கள் எல்லாரும் ஓர் இரயிலுக்குள். வில்ஃபோர்ட் என்பவன் கட்டிய அந்த இரயில், நிற்காமல் உலகைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பெட்டிகளில் விருந்தும் குளியலும். கடைசிப் பெட்டியிலோ இருட்டும் பசியும். கரப்பான் பூச்சியை அரைத்துச் செய்த கறுப்புக் கட்டிதான் அங்கு மூன்று வேளைக்கும் ஆகாரம். பதினேழு ஆண்டுகள் பொறுத்த கடைப்பெட்டி மக்கள், கர்ட்டிஸ் என்னும் இளைஞன் தலைமையில் ஒவ்வொரு பெட்டியாக முன்னேறி இயந்திரத்தை நோக்கிச் செல்கிறார்கள். இரத்தக்களரியான படம், சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று.

சென்ற பள்ளி விடுமுறையில், பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர்கள் சிலர் கூடி இதைப் பார்த்தோம். படம் முடிந்ததும் தொடங்கிய விவாதம், தேநீர் இரண்டு முறை ஆறிப்போன பிறகும் ஓயவில்லை.

முதலில் பேசியவர் கணக்கு ஆசிரியர். “உலகமே உறைந்த பிறகு தண்டவாளத்தை யார் பழுது பார்ப்பது? இது நடக்கிற காரியமா, சார்?” என்றார். பலர் இப்படத்தின்மீது சொல்லும் குறையும் இதுவே. இரயில் ஓராண்டில் 438,000 கிலோமீட்டர் சுற்றுவதாகப் படத்தில் ஒரு செய்தி வருகிறது. நண்பர் உடனே தாளை எடுத்து வகுத்துப் பார்த்தார். மணிக்குச் சரியாக 50 கிலோமீட்டர் வந்தது. அதன் பிறகு அவருடைய கோபம் கொஞ்சம் தணிந்தது! இது பொறியியல் பாடம் அன்று. மேல், கீழ் என்று நாம் சொல்லும் சமுதாயத்தைப் படுக்கவைத்து, முன், பின் என்று காட்டியிருக்கிறார்கள். உவமை மிகவும் வெளிப்படையாக இருக்கிறது என்று குறை கூறுவோரும் உண்டு. அது உண்மைதான், எனக்கு அது குறையாகப் படவில்லை.

என்னை உலுக்கியது சண்டைக் காட்சிகள் அல்ல. நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பெட்டி வருகிறது. மஞ்சள் நிறச் சுவர், வரிசையாக மேசைகள், சிரித்த முகத்துடன் ஒரு கருவுற்ற ஆசிரியை. அவர் இசைக்கருவியை வாசிக்க, குழந்தைகள் வில்ஃபோர்டைப் போற்றிப் பாடுகிறார்கள். இயந்திரம் நின்றால் எல்லாரும் உறைந்து செத்துப்போவோம் என்று ஒரே குரலில் ஒப்புவிக்கிறார்கள். முன்பு வெளியே தப்பிய எழுவர் பனியில் சிலையாக நிற்பதைச் சன்னல் வழியாகக் காட்டிப் பாடம் நடக்கிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இக்காட்சியில் சிரிக்கிறார்கள். என் நண்பர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆசிரியைக்குத் தொழில் நன்றாகத் தெரியும். கேள்வி கேட்கும் முறை, குழந்தைகளை ஊக்குவிக்கும் குரல், பாட்டோடு பாடத்தை இணைக்கும் வித்தை எல்லாம் நாம் கற்றவைதாம். அவருடைய பாடத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று: வெளியே இன்னும் அதே குளிர்தானா என்று ஒரு பிள்ளை கேட்க இடம். பள்ளியை நடத்துபவன் யாரோ, அவன் விரும்பாத கேள்வி வகுப்பில் எழுவதில்லை. ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகமே பள்ளியை நடத்திய இடங்களிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் வானொலியைச் சற்றுத் தணித்துக்கொள்ளலாம்.

இயந்திர அறையை அடையும் கர்ட்டிஸை வில்ஃபோர்ட் விருந்து வைத்து வரவேற்கிறான். இரயில் பிழைக்க வேண்டுமானால் மக்கள் தொகை அளவோடு இருக்க வேண்டும். அதற்காகவே கலகங்களைத் தானும் கடைப்பெட்டிப் பெரியவர் கில்லியமும் பேசி வைத்து நடத்தினோம் என்கிறான். அது உண்மையா, கர்ட்டிஸின் மனத்தைக் கலைக்கச் சொன்ன பொய்யா என்பது ஒரு தனி வாதம். பிறகு அவனுக்கே தன் இடத்தைத் தர முன்வருகிறான். கர்ட்டிஸ் ஏறத்தாழ இணங்கிவிடுகிறான். அப்போது தரைப்பலகை பெயர்க்கப்படுகிறது. உள்ளே, சக்கரங்களுக்கு நடுவில், கடைப்பெட்டியிலிருந்து தூக்கிச் சென்ற டிம்மி என்னும் சிறுவன் குனிந்து வேலை செய்கிறான். தேய்ந்துபோன ஒரு பாகத்திற்கு மாற்று இல்லை. அந்த இடுக்கில் நுழையக்கூடியது ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் உடல்தான்.

கர்ட்டிஸ் தன் கையைப் பல்சக்கரத்தில் கொடுத்துப் பையனை மீட்கிறான். வெடி வெடிக்கிறது, பனி சரிகிறது, இரயில் கவிழ்கிறது. யோனா என்னும் பெண்ணும் டிம்மியும் மட்டும் வெளியே வருவதைக் காண்கிறோம். தூரத்தில் ஒரு பனிக்கரடி நின்று பார்க்கிறது. படம் முடிகிறது.

இங்கேதான் இரு கட்சி. “ஒரு பையனைக் காப்பாற்ற ஓர் இரயில் நிறைய மனிதர்களைக் கொன்றுவிட்டார்களே, இதில் என்ன நியாயம்? எஞ்சிய இருவரையும் கரடி தின்னத்தானே போகிறது?” என்றார் கணக்கு ஆசிரியர். “கரடி உயிரோடு இருக்கிறதென்றால் வெளியே இரை இருக்கிறது, வாழ வழியிருக்கிறது என்று பொருள்,” என்றார் எங்களோடிருந்த ஆசிரியை ஒருவர். இதே இரண்டு பதில்களைத்தான் உலகெங்கும் பார்வையாளர்கள் சொல்கிறார்கள். படக்கதையின் முடிவோ வேறு: அங்கு நாயகன் இயந்திரத்தருகில் தனியனாக அதைப் பராமரித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். கதவைத் திறந்து வெளியே இறங்கியது போங் செய்த மாற்றம்.

கணக்கு ஆசிரியரின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இறந்தவர்களில் முன்பெட்டிக் குழந்தைகளும் உண்டு. அந்த மஞ்சள் பெட்டியில் பாடியவர்களும் உண்டு. ஆயினும், இயந்திரம் ஓட ஒரு குழந்தை வேண்டும் என்று தெரிந்த பிறகு, அது ஓடட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் பாட்டியார் ஏழு வயதில், சிலேட்டுப் பிடிக்க வேண்டிய கையில், புல்வெட்டும் கத்தி பிடித்தவர். அப்போதும் தோட்டம் ஓடத்தான் செய்தது.

அமெரிக்காவில் இப்படத்தை வெளியிடும் உரிமை பெற்ற நிறுவனத்தின் தலைவர் ஹார்வி வைன்ஸ்டீன், ஏறத்தாழ 20 நிமிடக் காட்சிகளை வெட்டச் சொன்னார். போங் இசையவில்லை. சோதனைக் காட்சியில் பார்வையாளர்கள் தம் முழுப் படத்திற்கே அதிக மதிப்பெண் கொடுத்ததாக அவர் கூறியிருக்கிறார். 2014ஆம் ஆண்டில் படம் அங்கு வெட்டில்லாமல், ஆனால் முதலில் மிகச் சில அரங்குகளில் மட்டும், வெளிவந்தது. கொரியாவிலோ 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

வாய்ப்புள்ள நேயர்கள் இதை இரண்டாம் முறையும் பாருங்கள். தொடக்கத்தில் மஞ்சள் அங்கி அணிந்த பெண்ணொருத்தி கடைப்பெட்டிக்கு வந்து, அளவுநாடாவால் குழந்தைகளை அளப்பாள். முதல் முறை பார்க்கும்போது எதற்கென்று விளங்காது.