பாலையில் முதலோட்டம்

தமிழிலக்கணத்தார் திணைகளை ஐந்தாக வகுத்தபோதும் பாலைக்கெனத் தனிநிலம் ஒன்றை ஒதுக்கினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் வளங்குன்றியவிடத்து அவையே பாலையாகும் என்பது சிலப்பதிகாரங் கூறும் கருத்து. ஆகவே நம் புலவர் பாடிய பாலை, மழை கண்டால் மீண்டுந் தளிர்க்கும் நிலமாகும். சகாராவும், அரேபியப் பாலையும், கலிபோர்னியாவின் மொகாவியும் ஆண்டு முழுவதும் வறண்டே கிடப்பன. அந்நிலங்களிலே மோட்டார் சைக்கிளை விரைந்தோட்டுவதை ஒரு விளையாட்டாக மேனாட்டார் வளர்த்துள்ளனர்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வளைகுடா நாடுகளிலும் வட அமெரிக்காவிலுந் தொழில் புரிகின்றனர். டக்கார் எனப்படும் பெரும்பந்தயம் 2020ஆம் ஆண்டு தொடக்கம் சவூதி அரேபியாவிலே நடைபெற்று வருகின்றது. அதனைக் கண்ட இளையோர்க்கு, "நாமும் ஒருமுறை ஓடிப் பார்த்தாலென்ன?" என்னும் ஆவல் எழுதல் இயல்பே. அவ்வாவலுக்கு அறிவு துணை நிற்றல் வேண்டும் என்னும் எண்ணத்தால், நூல்வழியும் படக்காட்சிவழியும் நாம் அறிந்தவற்றை இவ்விழா மலரிலே தொகுத்துரைக்க முன்வந்தோம்.

முதற்கண் வரலாறு சிறிது காண்போம். 1962ஆம் ஆண்டிலே டேவ் ஈக்கின்ஸ், பில் றொபேட்சன் என்னும் அமெரிக்கர் இருவர் ஹொண்டா வண்டிகளில் ஏறி, மெக்சிக்கோவின் பாகா தீபகற்பத்தை வடமுனையிலுள்ள திகுவானாவிலிருந்து தெற்கேயுள்ள லாபாஸ் வரையும் கடந்தனர். ஏறக்குறைய 950 மைல் தூரத்தை ஈக்கின்ஸ் 40 மணித்தியாலத்துக்குள்ளாகக் கடந்தார். புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் இரண்டு ஊர்களிலிருந்தும் அனுப்பிய தந்திகளே சான்றாயின. 1967இல் அவ்வழியிலேயே முறையான பந்தயம் தொடங்கிற்று.

ஆபிரிக்காவின் கதை வேறு. 1977இல் தியெரி சபீன் என்னும் பிரான்சியர், அபிஜானிலிருந்து நீசு நகர் நோக்கிய ஓட்டமொன்றிலே, சகாராவில் மோட்டார் சைக்கிளோடு வழி தவறினார். அவரைத் தேடிக் கண்டு மீட்டனர். சாவின் வாயிலைக் கண்டு மீண்ட அவர் பாலையை வெறுத்தாரல்லர். அதனைப் பிறர்க்குங் காட்ட விழைந்து, 1978 டிசெம்பர் 26ஆந் திகதி பாரிசிலிருந்து டக்கார் நோக்கிய முதற் பந்தயத்தைத் தொடக்கி வைத்தார். புறப்பட்ட வாகனங்கள் 182. போய்ச் சேர்ந்தவை 74. யமாகா வண்டியில் வந்த சிறில் நெவே முதலிடம் பெற்றார். அவ்வோட்டத்திலேயே மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் உயிரிழந்தார். இவ்விரண்டு எண்களையும் புதியவர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. பாலையோட்டத்திலே முந்துதல் பின்னர், சேர்தலே முதல்.

புதியவர் டக்காரிலே தொடங்குதல் இயலாது. அதற்குப் பிற பந்தயங்களில் ஓடிய தகுதி வேண்டும். ஒரே நாளில் முடிவுறும் சிறு ஓட்டங்களே தொடங்குதற்கு ஏற்றவை. மொகாவிப் பாலையிலே நெடுங்காலமாக நடைபெறும் "முயலும் வேட்டைநாயும்" என்னும் ஓட்டம் அத்தகையது. ஒருவர் முன்சென்று வழியைக் குறியிட்டு வைப்பார், அவர் முயல். ஏனையோர் அக்குறிகளைப் பின்பற்றி விரைவர், அவர் வேட்டைநாய்கள். இக்காலத்தில் நாடாக்களும் அம்புக்குறிகளும் வழிகாட்டுகின்றன. ஓட்டிகள் திறந்த வெளியிலே ஒரே வரிசையாக, எஞ்சினை நிறுத்தி நிற்பர். கொடிச்சீலை வீழ்ந்தவுடன் அனைவரும் எஞ்சினை இயக்கிப் பாய்வர். கைதேர்ந்தோர் முன்னும் புதியோர் பின்னுமாக, இடைவெளி விட்டு அணியணியாக விடப்படுதல் வழக்கம்.

இனி, மணலின் இயல்பை நோக்குவோம். வடமராட்சி மணற்காட்டிலே துவிச்சக்கர வண்டி மிதித்தோர்க்கு இது புதிதன்று. முன்சில்லு மணலை உழும், ஹாண்டில் தானே திரும்பும், வண்டி சாயும். மோட்டார் சைக்கிளிலும் இதுவே நிகழும். ஆயின் எடையும் வேகமும் மிகுதி. அவ்வேளை அச்சங் கொண்ட மனிதன் இயற்கையாகச் செய்வன மூன்று: அக்சிலேற்றரை விடுவான், ஹாண்டிலை இறுகப் பற்றுவான், முன்சில்லைக் குனிந்து பார்ப்பான். மணலிலே இம்மூன்றும் வீழ்ச்சிக்கு வழியாகும்.

அக்சிலேற்றரை விட்டால் வண்டியின் பாரம் முன்னே சரிந்து, முன்சில்லு ஆழப் புதையும். சீராக விசை கொடுத்தால் பாரம் பின்சில்லுக்கு மாறும். முன்சில்லு மணலின் மேலே மிதந்து செல்லும். ஹாண்டிலை இறுக்கினால் சில்லு தன் வழியைத் தேடிக்கொள்ள இயலாது. கையைத் தளர விட்டு, முழந்தாள்களால் எண்ணெய்த் தாங்கியை அணைத்து, கால்மிதிகளில் எழுந்து நிற்றல் வேண்டும். நிற்பவன் கால்கள் இரண்டும் வில்லாக நின்று அதிர்ச்சியை ஏற்கும்; வண்டி அடியிலே துள்ளினாலும் உடல் அமைதியாயிருக்கும். கண்ணோ முன்சில்லை விட்டு நெடுந்தூரம் நோக்குதல் வேண்டும். கண் போன வழியிலே வண்டியும் போகும். ரயரிற் காற்றைச் சிறிது குறைத்தால் அது பரந்து மணலைப் பற்றும். முன்பிறேக்கை மணலில் அழுத்துதல் கேடு பயக்கும்.

இவற்றை வாசித்தறிதல் எளிது. அஞ்சும் உடல் மனத்தின் சொல்லைக் கேளாது. பலநாட் பயிற்சியே அதனைக் கேட்பிக்கும். ஆதலின் பந்தய நாளே மணலைக் காணும் முதல் நாளாதல் ஆகாது. மோட்டார் சைக்கிளை நெடுநாள் ஓட்டிய அனுபவம் ஒருவர்க்கிருப்பினும், தார்வீதியிற் பெற்ற பழக்கங்கள் சில மணலிலே அவரை ஏமாற்றும்.

மணற்குன்று பிறிதொரு பாடம். காற்று வீசும் பக்கம் குன்று மெல்லச் சரிந்து இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் உச்சியிலிருந்து வழிந்து, 30 பாகைக்கு மேலான சரிவாய், பொலபொலத்து நிற்கும். ஏறும்போது கீழிருந்தே வேகத்தைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். உச்சியை அணுகியதும் வேகத்தைத் தணித்து அப்பாலுள்ளதை அறிந்த பின்னரே கடத்தல் வேண்டும். காணாத சரிவுக்குள் வேகத்தோடு தாவுவோன் தன் முள்ளந்தண்டைப் பணயம் வைக்கின்றான். நண்பகலிலே நிழல் மறைவதனால் மேடும் பள்ளமும் ஒரே வெளியாகத் தோன்றும்; அனுபவமுடையோரும் அவ்வேளை அஞ்சுவர். பின்சில்லு புதைந்துவிட்டால் மேலும் முடுக்குதல் குழியையே ஆழமாக்கும். இறங்கி, வண்டியைப் பக்கமாகச் சாய்த்து, குழியை மணலால் நிரப்பி, நிமிர்த்தி நடத்திச் செல்லுதலே வழி.

நெடும் பந்தயங்களிலே வழியைத் தாமே கண்டறிதல் வேண்டும். ஓட்டியின் முன்னே வழிக்குறிப்பு ஒன்றிருக்கும். முன்னர்க் கடதாசிச் சுருளாக இருந்த அது இப்போது மின்திரையாகவும் வந்துள்ளது. இத்தனை கிலோமீற்றரில் இத்திசை, இத்தனை பாகை என்று அது கூறும். ஆபத்தான இடத்தை வியப்புக்குறியால் உணர்த்தும். மூன்று குறிகள் சேர்ந்தால் பெரும் ஆபத்து என்பது பொருள். வழி தவறியவன் முன்னே விரைந்தால் மேலும் தவறுவான். ஐயமற அறிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிச் செல்லுதலே விதி. கணக்கிலே விடை பிழைத்த மாணவனுக்கு நாம் கூறுவதும் இதுவேயன்றோ?

நம் அண்டை நாட்டாரும் இத்துறையிலே பெயர் பெற்றுள்ளனர். 2015இல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியராகப் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் 36ஆம் இடத்தைப் பெற்றார். தமிழ்நாட்டின் ஓசூரிலே வண்டிகள் செய்யும் ரி.வி.எஸ். நிறுவனம் பிரான்சின் ஷெர்கோவோடு கூடி அமைத்த அணியில், கேரளத்து ஹரித் நோவா 2024இல் ஓடி, மொத்த வரிசையிலே 11ஆம் இடத்தையும் தம் பிரிவிலே முதலிடத்தையும் பெற்றார். இப்புகழைக் கூறுவோர் மற்றையதையுங் கூறுதல் கடன். அதே சந்தோஷ் 2021இல் சவூதி அரேபியாவில் வீழ்ந்து தலையிற் காயமுற்று, நினைவற்ற நிலையிலே மருத்துவமனையில் வைக்கப்பட்டு, பின்னர் உயிர் பிழைத்து நாடு திரும்பினார். அக்களத்திலே நெடுங்காலம் பயின்றவருக்கே இது நேர்ந்தது எனின், புதியவர் தலைக்கவசம், மார்புக்கவசம், கணுக்கால் காக்கும் உயர்ந்த சப்பாத்து, முதுகிற் குடிநீர்ப்பை ஆகியவற்றுள் ஒன்றையேனும் விடுத்துச் செல்லலாமோ?

இவ்விளையாட்டின் உயர்ந்த அறம் இனிக் கூறப்படுவது. வீழ்ந்தவனைக் கண்டால் நிற்றல் வேண்டும். 2016ஆம் ஆண்டு தென்னமெரிக்காவிலே நடந்த டக்காரில், போர்த்துக்கலைச் சேர்ந்த பவுலோ கொன்சால்வஸ் முன்னணியில் இருந்தார். தொடையெலும்பு முறிந்து கிடந்த ஒஸ்திரிய நாட்டு மத்தியாஸ் வால்க்னரைக் கண்டதும் அவர் தம் வண்டியை நிறுத்தி உதவினார். வால்க்னர் உடல் தேறி, 2018இல் அப்பந்தயத்தை வென்றார். 2020 சனவரியிலே சவூதி மணலில் கொன்சால்வஸ் வீழ்ந்து கிடந்தார். முன்னைய ஆண்டின் வெற்றிவீரராகிய அவுஸ்திரேலிய நாட்டு டோபி பிறைஸ் பந்தயத்தை மறந்து அவரருகில் நின்றார். உயிரைக் காத்தல் கூடவில்லை. ஆயினும் அப்பெருவெளியிலே அவர் தனியே கிடந்தாரல்லர். மறுநாள் மோட்டார் சைக்கிளோட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆளற்ற நிலத்திலே உடன் ஓடுபவனே காவலன். அவனைப் பகைவனாகக் கருதுவோன் பாலைக்கு ஏலான்.

நிலத்தையும் ஓட்டி காத்தல் வேண்டும். மொகாவிப் பாலையிலே 1940களிற் போர்ப் பயிற்சிக்காக ஓடிய தாங்கிகளின் தடங்கள் இன்றுங் காணக்கிடக்கின்றன. மழை அருகிய மண் காயத்தை எளிதில் ஆற்றிக்கொள்ளாது. பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாசு வரை 1967இல் தொடங்கிய பந்தயம், நிலம் சிதைவதாகக் கண்ட அரசினரால் 1970களின் நடுவிலே தடுக்கப்பட்டது. 1983இல் மீண்டுந் தொடங்கி 1989ஓடு முடிவுற்றது. 1990இலே பாலைவன ஆமை காக்கப்பட வேண்டிய உயிரினமாகச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. வளை தோண்டி வாழும் அவ்வாமைக்கு, குறியிட்ட வழியை விட்டு விலகியோடும் ஒரு சில்லே கூற்றுவன். விளையாட்டுக்காரன் அடக்கம் இழந்தால் விளையாடும் இடத்தையும் இழப்பான்.

முதலோட்டத்திலே பரிசை நாடுதல் வேண்டாம். அச்சத்தை அறிந்து, அது ஏவும் வழியிற் செல்லாது, கற்ற வழியிற் சென்று, மாலையிலே வண்டியும் தாமும் நலமாகத் திரும்பி வந்து, வழியில் வீழ்ந்தவர் எவரேனும் இருந்தால் அவரையுங் காத்துக் கொணர்ந்தோர் நன்றாகவே ஓடினர் என்க. அத்தகையோர் மறுமுறையும் ஓடுதற்கு உரியர். நம் கல்லூரி இளைஞர் எந்நாட்டு மணலில் ஓடினும் இம்முறை தவறாது ஓடுவாராக.