இளவேனிலில் தீர்த்தமலை

மலையும் நீரும் கூடிய இடங்களை இறைவன் உறையும் இடங்களாகப் போற்றி வருவது நம் முன்னோர் மரபு. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், அரூரிலிருந்து வடகிழக்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள தீர்த்தமலை, பெயரிலேயே மலையையும் நீரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் திருத்தலமாகும். இங்கு அருள்மிகு தீர்த்தகிரீசுவரர், அருள்மிகு வடிவாம்பிகை அம்மனுடன் எழுந்தருளி அருள்பாலிக்கிறார். அடிவாரத்தில் ஒரு திருக்கோயிலும், மலைமேல் ஒரு திருக்கோயிலும் உள்ளன. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற பெருமையும் இத்தலத்திற்கு உண்டு.

மாசிப் பெருவிழா நிறைவுற்ற பின்னர், பங்குனி, சித்திரை மாதங்களில் அன்பர்கள் பலர் குடும்பத்துடன் இம்மலை ஏறுகின்றனர். பள்ளி விடுமுறையும் அக்காலத்திலேயே வருகிறது. ஆனால் மார்கழியில் ஏறிய மலையும் சித்திரையில் ஏறும் மலையும் ஒன்றல்ல. கல், மரம், நீர், காற்று ஆகிய நான்கும் இளவேனிலில் தம் இயல்பு மாறி நிற்கின்றன. அம்மாற்றத்தை அறிந்து ஏறுபவர்க்கு மலை எளிதாகிறது. அறியாது ஏறுபவர்க்கு அதுவே இடராகிறது.

தலவரலாறு உணர்த்தும் பொருள்

இராவண வதம் முடித்துத் திரும்பிய இராமபிரான் இம்மலையில் சிவபூசை செய்ய விழைந்தார் என்றும், பூசைக்குரிய கங்கை நீரைக் கொணருமாறு அனுமனை அனுப்பினார் என்றும் தலவரலாறு கூறுகிறது. அனுமன் திரும்பக் காலம் தாழ்ந்தது. பூசைக்குரிய வேளை கடந்துவிடும் நிலையில் இராமபிரான் மலைமீது அம்பு எய்ய, பாறை பிளந்து நீர் பெருகியது. அதுவே இராமர் தீர்த்தம். பின்னர் வந்து சேர்ந்த அனுமன், தாம் கொணர்ந்த நீர் பயன்படாமற் போனதை எண்ணி அக்கலயத்தை வீசியெறிய, அது தென்பெண்ணையாற்றங்கரையில் விழுந்து அனுமந்தீர்த்தம் ஆயிற்று என்பது ஐதீகம்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, வேளை தவறலாகாது என்பது. மற்றொன்று, மலைமேல் நீரின்றி எதுவும் நடவாது என்பது. கோடையில் மலையேறும் அன்பர் ஒவ்வொருவரும் நினைவில் இருத்த வேண்டியவையும் இவ்விரண்டே ஆகும்.

கோடையிலும் சுரக்கும் நீர்

இராமர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம் என்பன இம்மலையின் சிறப்பு மிக்க தீர்த்தங்களாகும். சுற்றிலும் ஏரி குளங்கள் வறண்டு கிடக்கும் நாளில் மலைப்பாறையிலிருந்து நீர் விழுவதைக் காணும் அன்பர்கள் வியப்பது இயல்பே.

தருமபுரிப் பகுதி தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் பகுதி. பெய்யும் மழையில் ஒரு பங்கு பாறைமீது ஓடிப் பள்ளத்தைச் சேர்ந்துவிடுகிறது. மற்றொரு பங்கு மரங்களின் அடியில் படிந்துள்ள இலைமக்கிலும் மண்ணிலும் ஊறி, கருங்கல்லின் வெடிப்புகளில் இறங்குகிறது. அவ்வெடிப்புகளின் வழியே மிக மெல்ல நகர்ந்து, தாழ்வான ஓர் இடுக்கில் ஊற்றாக வெளிப்படுகிறது. மலைச்சுனைகள் மழை நின்ற பின்னரும் நெடுநாள் சுரப்பது இதனாலேதான். பங்குனியில் நம் தலைமீது விழும் தீர்த்தம், முன்சென்ற மழைக்காலங்களில் மலை தன்னுள் வாங்கிச் சேமித்து வைத்த நீராகும்.

ஆகவே மேலேயுள்ள மரமும் மண்ணும் கீழேயுள்ள தீர்த்தத்தின் காவலர்கள். மலைச்சரிவு தீக்கிரையானால் இலைமக்கு அழியும், மண் கரைந்தோடும், மழைநீர் உள்ளே இறங்காது ஓடிவிடும். ஊற்றும் நாளடைவில் குன்றும். கோடையில் நீர்வரத்து மெலிந்திருக்கும் ஆதலின், தீர்த்தமாடுவோர் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்துதல் கூடாது. பின்வருவோர்க்கும், காட்டில் வாழும் உயிர்களுக்கும் அதுவே நீர்.

தீர்த்தத்தை உள்ளங்கையில் ஏந்தி உட்கொள்ளுதல் வழிபாடு. வழிநடைத் தாகத்திற்கான குடிநீரை அடிவாரத்திலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். ஏறி இறங்க ஒருவருக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீர் தேவைப்படும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், சிறிது சிறிதாக அருந்திக்கொண்டே செல்லுதல் நன்று.

மலையென்றால் குளிர்ச்சி என்பது பொருந்துமா?

மலைமேல் சென்றால் வெயில் தெரியாது என்று அன்பர்கள் பலர் கருதுகின்றனர். இக்கருத்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும். தீர்த்தமலை போன்ற மலைகளுக்குப் பொருந்தாது. பொதுவாக ஆயிரம் அடி உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் மட்டுமே குறையும். அடிவாரத்தில் 38 பாகை இருப்பின் ஆயிரம் அடி மேலே 36 பாகை இருக்கும். இச்சிறு வேறுபாட்டை வெயிற்பாறையின் சூடும், ஏறும் முயற்சியால் உடலில் பிறக்கும் சூடும் விழுங்கிவிடுகின்றன.

கருங்கல் காலை முதல் வெயிலைக் குடித்து நண்பகலில் அதனைத் திருப்பித் தருகிறது. திறந்த பாறையின் மேற்பரப்பு 50 பாகையைக் கடந்து சூடேறுவதும் உண்டு. வெறுங்காலுடன் ஏறும் வேண்டுதல் உடையோர்க்கும், சிறுவர்க்கும் இது பெருந்துன்பம் தரும். மேலும், நம் வறண்ட நிலத்துக் காடுகளில் பல மரங்கள் பின்பனிக்காலத்தில் இலையுதிர்த்து விடுகின்றன. நிழல் மிகவும் தேவைப்படும் நாளில் மரங்கள் வெறுங்கிளைகளாய் நிற்கின்றன. உதிர்ந்த சருகுகளோ படிகளின் மீதும் பாறைகளின் மீதும் பரவிக் கிடந்து, காலடியில் தானியம் கொட்டியதுபோல் வழுக்குகின்றன. மழைக்காலப் பாசியின் வழுக்கலுக்கு அஞ்சுவோர், கோடைச் சருகின் வழுக்கலை எண்ணிப் பார்ப்பதில்லை.

வேளை அறிந்து ஏறுதல்

இவையனைத்திற்கும் தக்க மருந்து விடியற்காலைப் புறப்பாடு. சித்திரையில் ஆறு மணியளவிலேயே கதிரவன் எழுந்துவிடுகிறான். பொழுது புலரும் வேளையில் ஏறத் தொடங்கினால் கல்லும் காற்றும் குளிர்ந்திருக்கும். உடல்நலம் உடையோர் ஏற ஒரு மணி நேரம் ஆகலாம். முதியோரும் சிறுவரும் உடன் வரின் கூடுதல் நேரம் ஒதுக்குதல் வேண்டும். மலைக்கோயிலில் நடை திறக்கும் நேரத்தை முன்னதாகவே அடிவாரத்தில் கேட்டறிந்து, வெயில் உச்சி ஏறுமுன் கீழிறங்கத் திட்டமிடுதல் நலம்.

இறங்கும்போதே கால் தடுமாறுவோர் மிகுதி. ஏறிய களைப்பில் தொடைத்தசை தளர்ந்திருக்கும். தரிசனம் முடிந்த மகிழ்ச்சியில் விரைவும் கூடும். செங்குத்தான படிகளில் சற்றே பக்கவாட்டில் திரும்பிக் காலூன்றி இறங்கினால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

பிற்பகலில் ஏறத் தொடங்குவோர்க்கு வேறோர் இடர் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் முழுதும் காய்ந்த வானம், மாலையில் திடீரெனக் கறுத்து இடியும் மின்னலுமாய்ப் பொழிவது இப்பகுதியின் இயல்பு. இடியோசை கேட்ட அளவிலேயே திறந்த பாறையையும் முகட்டையும் விட்டு அகல வேண்டும். தனித்து நிற்கும் மரத்தின்கீழ் ஒதுங்குதல் கூடவே கூடாது. வறண்டு கிடக்கும் மலையோடைகளும் மேலே பெய்த மழையால் நொடியில் பெருகும். விருதுநகர் மாவட்டச் சதுரகிரியில் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் உயிரிழந்த துயரம் இதற்குச் சான்றாகும்.

விரதமும் உடல்நலமும்

கோவை வெள்ளியங்கிரி மலையின் ஏழாவது மலைக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை அன்பர்கள் பெருந்திரளாகச் செல்கின்றனர். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பலர் உயிரிழந்தனர். தீர்த்தமலை அத்துணைக் கடினமானதன்று. எனினும் இதயம் படும் பாட்டில் சிறுமலை, பெருமலை என்ற வேறுபாடு பெரிதில்லை. வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்தால் சிறுமலையும் பெருமலையாகிவிடும்.

இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே ஏற வேண்டும். நீரிழிவு நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் ஏறினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும். விரதம் மேற்கொள்வோர் பழமோ மோரோ அருந்திச் செல்வதால் விரதத்தின் பயன் குன்றிவிடாது.

வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீர் மட்டும் போதாது. உப்பிட்ட மோர் நன்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால், வீட்டிலேயே உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆயத்தமாகும். நீரிழிவு உடையோர் இதனை மருத்துவரைக் கேட்டு அருந்துக.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை உடல் தரும் முன்னறிவிப்புகள். அவை தோன்றியதும் நிழலில் அமர்ந்து நீர் அருந்தி இளைப்பாற வேண்டும். தெளிவு பிறக்காவிடில் இறங்கிவிடுதலே முறை. பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது உயிருக்கு ஊறு செய்யும் வெப்பத்தாக்கு ஆகும். அவ்வாறு பாதிக்கப்பட்டவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து விசிறுதல் வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது. உடனே 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும். வெப்ப அலையின் கொடுமையை உணர்ந்தே தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நெருப்பும் நெகிழியும்

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாதமும் கோடையின் தொடக்கமே. சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி விரைவாகப் பரவும். மனிதர் ஓட்டத்தால் அதனை முந்துதல் அரிது. எனவே வழியிடையே கற்பூரம் ஏற்றுதல், பீடி, சிகரெட் புகைத்தல், அடுப்பு மூட்டுதல் ஆகியவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். கற்பூர ஆரத்தி சந்நிதியில் அர்ச்சகர் காட்டும்போது கண்டு வணங்கத்தக்கது. சருகு மூடிய வழியில் நாம் ஏற்றத்தக்கதன்று.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. கொண்டு செல்லும் எதனையும் மீளக் கொண்டுவருதல் நன்று. குரங்குகள் பையைப் பறிக்க வரும்போது ஓடுவதும் இழுப்பதுமே படிகளில் விழக் காரணமாகின்றன. தேங்காய் பழங்களை வெளியே தெரியாத துணிப்பையில் வைத்துச் செல்லுதல், குரங்குகளுக்கு உணவு தராதிருத்தல் ஆகிய இரண்டும் அவற்றுக்கும் நமக்கும் நலம் பயக்கும்.

அடிவாரத்திலும் அவனே

பாதி வழியில் உடல் தளர்ந்தபோது, 'வேண்டுதல் தடைப்பட்டால் தெய்வக் குற்றமாகுமே' என்று அஞ்சி மேலும் ஏறுவோர் உளர். உடன் வந்தோர் முன் நாணி ஏறுவோரும் உளர். துயரங்கள் பல இவ்வச்சத்திலும் இந்நாணத்திலுமே தொடங்குகின்றன. அடிவாரத் திருக்கோயிலில் எழுந்தருளியிருப்பவரும் அதே தீர்த்தகிரீசுவரரே ஆவார். ஏற இயலாதோர் தம்மைத் தேடிவரும் வழியிலேயே நின்றருளும் கருணை அது. இறங்கி வந்து அங்கு வணங்கியவரின் வழிபாடு குறைவுடையதாகாது. மலை அங்கேயே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் காற்றுக் குளிர்ந்தபின் மீண்டும் வரலாம்.

பூசை வேளை தவறக்கூடாது என்று அம்பு எய்து நீர் வருவித்த மலையில், வேளை அறிந்து, நீர் அறிந்து, தன் உடலின் அளவறிந்து ஏறுதலும் ஒரு வழிபாடே ஆகும். அன்பர்கள் அனைவரும் அவ்வாறே ஏறி, தீர்த்தமாடி, அருள்மிகு வடிவாம்பிகை உடனமர் தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்து, நலமுடன் இல்லம் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.