வளைவும் சாய்வும்

திருவொற்றியூர் என்றதும் தியாகராயரும் வடிவுடையம்மனும் நினைவுக்கு வருவது இயல்பு. நம் ஊருக்கு மற்றொரு முகமும் உண்டு. 1946-இல் இங்கே ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் முயற்சிதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. 1950-களில் என்ஃபீல்டு புல்லட் இங்கேதான் உருவாகத் தொடங்கியது. பக்கத்து எண்ணூரில் ஆலை கண்ட அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. ஆகவே நம் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள்கூட ஸ்பேனரின் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்குவதில் வியப்பொன்றும் இல்லை.

தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் மாமா சிறியதொரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அவருக்குக் கையாளாக நிற்பது என் வழக்கம். சென்ற ஆண்டு அங்கே ஒரு மிட்சுபிஷி சீடியா வந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் லான்சரும், 2006 முதல் சீடியாவும் உருவாயின. எம்.ஆர்.எஃப். அணி தேசிய ராலிப் போட்டிகளில் ஓட்டி வென்ற வண்டி இந்தச் சீடியா. இப்போது அது உற்பத்தியில் இல்லையென்றாலும், வேகத்தில் விருப்பமுடைய இளைஞர்கள் பழைய வண்டியைத் தேடி வாங்குகிறார்கள். வந்தவரும் அத்தகையவரே. துறைமுகத்தில் வேலை, மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் வண்டி ஓட்டும் ஆசை. வெளிநாட்டிலிருந்து தருவித்த தடித்த கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் பின்புறம் மாட்டித் தரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்தக் கம்பியைப் பற்றியதே இக்கட்டுரை.

பட்டறைகளில் இதை ஸ்டெபிலைசர் ராடு என்பர். நம் ‘ப’ எழுத்தைத் தரையில் படுக்க வைத்தால் எப்படியோ, அதுதான் இதன் வடிவம். நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைந்திருக்கும். இரு கால்களின் முனைகளும் சிறு லிங்க்குகள் வழியாக இடச்சக்கரத்தின் கையோடும் வலச்சக்கரத்தின் கையோடும் சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒருசேர மேலேறினால், எடுத்துக்காட்டாக வேகத்தடையை நேராகக் கடக்கையில், ராடு ஊஞ்சல்போல் புஷ்ஷுக்குள் புரளுமே தவிர வேறொன்றும் செய்யாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால் ஈரத் துணியைப் பிழிவது போல ராடு முறுக்கப்படும். முறுக்கிய எஃகு பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அந்த முயற்சிதான் வண்டியின் சாய்வைத் தடுக்கிறது. கனடா நாட்டு ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சாய்வு ஏன் ஏற்படுகிறது? மாசி உற்சவத் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அத்தனை உயரமான தேர் மாடவீதி முனையில் கவிழாமல் திரும்புகிறதென்றால், ஆமை வேகத்தில் திரும்புவதுதான் காரணம். வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் திரும்புகையில் நாம் சற்றே ஒதுங்கி நிற்பது இந்தக் கணக்கை அறியாமலே அறிந்ததனால்தான்.

இனி, இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். ராடு சாய்வைக் குறைக்கும் என்பது மெய். ஆனால் வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்குப் பெயரும் பாரத்தை அது குறைப்பதில்லை. 1,200 கிலோ எடையுள்ள கார்; அதன் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர்; இடவல சக்கரங்களின் இடைவெளி 1.5 மீட்டர், வளைவில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.6 பங்கு என்று கொள்வோம். 1,200-ஐ 0.6-ஆலும் 0.5-ஆலும் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 240 கிலோ கிடைக்கும். அவ்வளவு பாரமும் உள்ளிருந்து வெளியே சென்றே தீரும். எவ்வளவு தடித்த ராடைப் போட்டாலும் இந்தத் தொகை ஏறக்குறைய மாறாது. அந்த 240 கிலோவில் முன் சக்கரங்கள் எவ்வளவு ஏற்கவேண்டும், பின் சக்கரங்கள் எவ்வளவு ஏற்கவேண்டும் என்று பங்கு பிரிப்பது ஒன்றே ராடின் வேலை.

பங்கீட்டினால் என்ன பயன் என்று கேட்கலாம். டயரின் குணத்தில் விடை இருக்கிறது. டயரின்மேல் பாரம் இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை: இரண்டு டயர்களும் தலைக்கு 300 கிலோ சுமக்கையில் தலைக்கு 300 கிலோ பிடிப்பு, ஆக 600. ஒன்றிலிருந்து மற்றதற்கு 150 கிலோ பெயர்ந்தால், 450 சுமப்பது 420 தரும், 150 சுமப்பது 160 தரும், ஆக 580. பெயர்ச்சி 250 ஆனால் 485-உம் 55-உமாகச் சேர்ந்து 540 ஆகிவிடும். பெயர்ச்சி கூடக்கூட அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது என்பது இதனால் விளங்கும்.

சீடியா முன்சக்கர இழுவை வண்டி. எஞ்சினின் பாரமும் முன்னே, இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம். ஆதலால் வேகமாகத் திருப்பினால் முன்புறம் பிடிப்பிழந்து வளைவுக்கு வெளியே அகன்று போகப் பார்க்கும். பின்னால் தடித்த ராடு போட்டால் பாரப் பெயர்ச்சியில் பெரும்பங்கைப் பின்புறம் ஏற்கிறது. முன்புறத்துக்குச் சுமை குறைந்து பிடிப்பு மிஞ்சுகிறது. வண்டி ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது. ஓட்டுபவருக்கு வண்டிக்குப் புதிதாகப் பிடிப்பு முளைத்தது போலத் தோன்றும். உண்மையில் பின்புறப் பிடிப்பில் கொஞ்சத்தை விற்று முன்புறத்துக்கு வாங்கிய பேரமே இது. விற்றது எவ்வளவு என்பது காய்ந்த சாலையில் தெரிவதில்லை. மழை பெய்து, லாரிகள் சிந்திய டீசலும் மணலும் கலந்து கிடக்கும் நாளில், மணலி பக்கம் திரும்பும் வளைவில் தெரியும். முன்சக்கரம் வழுக்கினால் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும். பெரும்பாலும் வண்டி அடங்கிவிடும். பின்புறம் வழுக்கும்போது அதே பழக்கத்தில் காலை எடுத்தால் பாரம் முன்னே சென்று பின்புறம் இன்னும் இலேசாகி, வண்டி சுற்றிக்கொள்ளும்.

எல்லா வண்டிக்கும் பின் ராடு நன்மை செய்யும் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த செவர்லே கோர்வேர் பின்புற எஞ்சின் வண்டி. பின் அச்சு இரு துண்டாக ஊசலாடும் வகை. அதன் பின்புறம் வழுக்கும் குறையைத் தணிக்கத் தேவைப்பட்டது முன்புற ராடு. அது எல்லா வண்டிகளிலும் வந்தது 1964 மாடலில்தான். அடுத்த ஆண்டு ரால்ஃப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியதாக அமைந்தது. நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஊசலாடும் பின் அச்சு கொண்டதே. 1972-இல் வந்த கெசல் காரில் அதை விடுத்து முழு அச்சு வைத்தார்கள். அத்தகைய ஹெரால்டில் பின்புறம் தடித்த ராடு மாட்டுவது வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஃபியட்டும் மோதியதைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவதுண்டு. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அப்பந்தயங்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறந்தபின் அங்கே இடம் மாறின. நிற்க.

ராடின் வலிமை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 18 மில்லிமீட்டர் ராடை 22 ஆக்கினால் கண்ணுக்கு அதிக வித்தியாசம் தெரியாது. ஆனால் முறுக்கை எதிர்க்கும் வலிமை 2.23 மடங்கு. மையத்தில் இருக்கும் எஃகு அதிகம் உழைப்பதில்லை என்பதால் குழாய் வடிவிலும் செய்கிறார்கள். 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய், அதே விட்டமுள்ள கட்டி ராடின் எடையில் 47 விழுக்காடுதான் இருக்கும். வலிமையோ 72 விழுக்காடு. இயற்பியல் வகுப்பில் முறுக்கு ஊசல் சோதனை செய்த நண்பர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

பொருத்தும் வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் புகுவதை மாமா எவருக்கும் அனுமதிப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் தூக்கினாலும் ஆகாது. இரு சக்கரமும் ஒரே மட்டத்தில் தொங்கினால்தான் பழைய ராடில் முறுக்கு இராது. இல்லையேல் லிங்க் நட்டைக் கழற்றியதும் கம்பி கையில் அடிக்கும்.

நம் ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு பகைவன் உண்டு. கடற்காற்று. ஐந்தாறு ஆண்டு இங்கே ஓடிய வண்டியின் அடிப்பக்க போல்ட்டுகள் துருவேறிக் கல்லாகிக் கிடக்கும். முந்திய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். காஸ் வைத்துச் சூடேற்றலாமே என்று நண்பர் யோசனை சொன்னார். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி இருப்பதை மாமா விரலால் சுட்டிக் காட்டினார். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்றிக் குழாயைச் சற்று இறக்கியதும் பழைய ராடு வெளியே வந்தது.

புதிய ராடோடு வந்தவை பாலியூரித்தேன் புஷ்கள். ரப்பரைவிட இறுக்கமானவை, உலர்ந்தால் கீச்சிடுபவை. இவற்றுக்குச் சாதாரண கிரீஸ் போடாமல் சிலிக்கோன் கிரீஸ் தடவவேண்டும். ராடு இடவலமாகச் சரிநடுவில் அமர்ந்ததா என்று டேப் வைத்து அளந்தபின் கிளாம்புகளைக் கையளவில் மட்டும் முடுக்கினோம். கடைசி இறுக்கம், சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே. தயாரிப்பாளர் தந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவது முறை. பிரேக் ஹோஸிலோ சைலன்சரிலோ ராடு உரசுகிறதா என்று சக்கரத்தை மேலும் கீழும் ஏற்றியிறக்கிப் பார்க்கவும் வேண்டும்.

ராடின் கால் முனையில் மும்மூன்று துளைகள் இருந்தன. கடைசித் துளையில் லிங்க்கை மாட்டினால் நெம்புகோல் நீண்டு ராடு இளகும். உள்துளையில் மாட்டினால் குறுகி இறுகும். இங்கேதான் தகராறு எழுந்தது. நண்பர் உள்துளைதான் வேண்டும் என்றார். மாமா மறுமொழி சொல்லாமல் பின் டயர்களைத் தடவிப் பார்த்தார். நம் மக்களிடையே ஒரு பழக்கம்: புதுடயர் வாங்கினால் முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னுக்குத் தள்ளுவது. இந்த வண்டியிலும் அதுவே.

“தம்பி, பின்னாடி டயரு மொட்டையா கீது. இந்த டயருக்கு அந்த ஓட்ட இல்ல, எந்த ஓட்டையும் போடமாட்டேன். மொதல்ல டயர மாத்தினு வா.”

“ட்ராக்ல நல்லாத்தான்ணா போச்சு.”

“ட்ராக்ல எதிர்ல லாரி வராது. வூட்டுக்கு இந்த ரோட்லதான வர்ற?”

நண்பருக்குக் கோபம். பணம் கொடுப்பவன் நான், கேட்டதைச் செய்தால் போதாதா என்றார். கூலி தேவையில்லை, வேறு ஷெட் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா பழைய ராடையே மீண்டும் பூட்டிவிட்டார். அரைநாள் உழைப்பு வீண். அந்த வாரத்து வாடகைக்கு அது உதவியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அவர் செய்ததே சரி என்று கருதுகிறேன். பின்புறப் பிடிப்பை விற்கும் வேலையை, விற்பதற்குப் பிடிப்பே இல்லாத டயரின்மேல் செய்வதெப்படி?

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சாலையில் ஓடும் வண்டியில் இத்தகைய வேலை செய்வோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் முறையாகும்.

மூன்று வாரம் கழித்து அந்த நண்பர் நான்கு புது டயர்களோடு வந்தார். சட்டைப் பையில் இரண்டு அலுவலகங்களிலிருந்தும் வாங்கிய பதில் கடிதங்கள். மாமா அவற்றைப் படித்துப் பார்த்தபின் ராடைப் பூட்டி, கடைசித் துளையில் லிங்க்கை மாட்டினார். பந்தயத் தளத்தில் மட்டும் துளையை மாற்றிக்கொள்ளும் விதத்தையும், வீடு திரும்புமுன் மீண்டும் கடைசித் துளைக்கு வருவதையும் அவர் கையாலேயே இருமுறை செய்யச் சொன்னார். பிறகு ஆளில்லாத அகன்ற சாலையில் குறைந்த வேகத்தில் தொடங்கி வளைத்துப் பார்த்தோம். பின் இருக்கையில் இருந்த எனக்குச் சாய்வு குறைந்தது நன்றாகவே தெரிந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கியபோது முன்னைவிடத் தலை பக்கவாட்டில் ஆடியதும் தெரிந்தது. ஒரு சக்கரத்தின் அதிர்ச்சியை மற்றதற்கும் கடத்துவது ராடின் இயல்பு, டி.எச். ரோட்டில் அந்த இயல்புக்கு வேலை அதிகம்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பார்க்கவேண்டும். சொன்ன நாளில் நண்பர் வண்டியைக் கொண்டுவந்தார். இடப்பக்க லிங்க் நட்டு கால் சுற்று இறங்கியது, மற்றவை அசையவில்லை.